பட்டறைக்குக் கையடக்க ஒர்க் லைட்: லூமென் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

டியூனிங்ஸ்க்ரூ:

வணக்கம். டூவீலர் வேலைதான் அதிகம். நடுவில் சின்ன கார்களுக்கு பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன். இப்போது இருப்பது கம்பிக் கூண்டு போட்ட 230 வோல்ட் ஹேண்ட் லாம்ப், உள்ளே 60 வாட் குண்டு பல்பு. அதை விட்டுவிட்டு சார்ஜ் லைட்டுக்கு மாற வேண்டும். பட்ஜெட் 3000 ரூபாய்.

ஆன்லைனில் ‘2000 லூமென், 10 மணி நேரம் பேக்கப்’ என்று சல்லிசாகக் கிடக்கிறது. பெயர் உள்ள கம்பெனிக்காரன் 300, 500 லூமென் என்று போட்டுவிட்டு அதைவிடப் பல மடங்கு விலை சொல்கிறான். எதை நம்புவது? ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா? காந்தம் அவசியமா?

ஓம்விதி:

பெட்டியில் அச்சடித்த லூமெனை, அதாவது மொத்த வெளிச்ச அளவை, விடுங்கள். உள்ளே என்ன செல், எத்தனை செல் என்று கேளுங்கள்.

பெரும்பாலான சார்ஜ் லைட்டில் இருப்பது 18650 செல். 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம். ஒழுங்கான செல் ஒன்று 2600 எம்ஏஎச் (செல்லின் கொள்ளளவு) என்று வைத்துக்கொள்வோம். 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 9.4 வாட்-அவர். டிரைவர் சர்க்யூட் ஒரு 15 சதவீதம் தின்றுவிட்டால் மிச்சம் 8. ஒர்க் லைட்டில் வரும் எல்இடி வாட்டுக்குச் சுமார் 100 லூமென் கொடுக்கும். ஆக ஒரு செல்லுக்கு 800 லூமென்-மணி. அதாவது 800 லூமென் ஒரு மணி நேரம், அல்லது 400 லூமென் இரண்டு மணி நேரம், அல்லது 200 லூமென் நாலு மணி நேரம்.

இப்போது ‘ஒரே செல், 1500 லூமென், 5 மணி நேரம்’ என்ற விளம்பரத்தை எடுங்கள். 7500 லூமென்-மணி வேண்டும். ஒன்பதுக்கும் மேல் செல் இருந்தால்தான் நடக்கும். லூமென் பொய்யா, நேரம் பொய்யா என்றால் பெரும்பாலும் இரண்டுமே.

செல் மேல் 9900 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், போலி. 18650 அளவில் நல்ல செல்லே 3500 எம்ஏஎச் பக்கத்தில் நின்றுவிடும். சந்தேகம் இருந்தால் நகைத் தராசில் வையுங்கள். உண்மையான செல் 45 முதல் 50 கிராம் இருக்கும். 30 கிராம் காட்டினால் உள்ளே சரக்கு இல்லை.

நேர்மையான கம்பெனியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எஃப்எல்1 (டார்ச் லைட்டுக்கான சோதனைத் தரம்) முத்திரை போட்ட லைட்டில் ‘ஓடும் நேரம்’ என்பது, எரிய ஆரம்பித்து 30 விநாடி ஆனபோது இருந்த வெளிச்சம் 10 சதவீதத்துக்கு இறங்கும் வரை எடுக்கும் நேரம். 500 லூமென், 4 மணி என்றால் நாலு மணி நேரமும் 500 என்று அர்த்தமில்லை. சூடேறியதும் சில நிமிடத்திலேயே பாதிக்கு இறக்கிவிடும் லைட்டுகள் நிறைய. வெளிச்சம் நேரத்தோடு எப்படி இறங்குகிறது என்று கிராஃப் போட்டிருக்கும் கம்பெனியைப் பாருங்கள். கிராஃப் இல்லாவிட்டால் மீடியம் மோடில் சொல்லியிருக்கும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.

கிக்கர்உடைஞ்சது:

போன் டார்ச் இருக்கும்போது எதுக்குப்பா இவ்ளோ ஆராய்ச்சி.

பேட்டைபட்டறை:

போன் டார்ச் மொத்தமே 50 லூமென் பக்கம்தான் வரும். அதைப் பிடிக்க ஒரு கை வேணும், ஆயில் கையில பிடிச்சா டேங்க் மேலயே வழுக்கி விழும். அதை விடு.

தம்பி, லூமென் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். லைட்டை எங்க வைக்கிறோம்கிறதுலதான் பாதி வேலை முடியுது. ஒரே பெரிய லைட்டை ஒரு பக்கம் வச்சா, ஸ்பேனர் பிடிச்ச கையோட நிழல் சரியா நட்டு மேலயே விழும். 300 லூமென் லைட்டு ரெண்டு, ஒண்ணு இடப்பக்கம், ஒண்ணு வலப்பக்கம் மேல. நிழல் ஓடிப் போயிரும். 2000 லூமென் ஒண்ணு வாங்குறதை விட இது உருப்படி.

காந்தம் பத்திக் கேட்ட இல்ல? டூவீலர்ல காந்தம் ஒட்டவே இடம் கிடையாது. கிராங்க் கேஸ், ஹெட், ஃபோர்க் பாட்டம் எல்லாம் அலுமினியம். சைடு பேனல் பிளாஸ்டிக். ஃபிரேம் இரும்புதான், ஆனா உருட்டு பைப். தட்டைக் காந்தம் ஒரு கோட்டுலதான் பிடிக்கும். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி வச்சா அதிர்வுல மெள்ள மெள்ள சறுக்கும். டேங்க்ல ஒட்டினா பெயிண்ட் கீறும், கஸ்டமர் சும்மா விடமாட்டான். அதனால உனக்கு முதல்ல வேண்டியது நல்ல கொக்கி, 360 டிகிரி சுத்துற மாதிரி. அடுத்தது கிளாம்ப் வச்ச வளையுற கழுத்து. காந்தம் மூணாவதுதான்.

கார்ல கதை வேற. பானட் உள்பக்கம், ஸ்ட்ரட் டவர், சப்ஃபிரேம், லிஃப்ட் தூண்னு இரும்பு நிறைய கிடைக்கும். ஆனா அலுமினிய பானட் போட்ட காரும் வருது, ஒட்டும்னு நம்பிக் கையை விட்டுராத.

காந்தத்துல ரெண்டு தொல்லை. ஒண்ணு, இரும்புத் தூள். பிரேக் டிரம் பக்கத்துல வச்சா முள்ளம்பன்னி மாதிரி ஆயிரும், வேஸ்ட் துணியில துடைச்சா போகாது. வாங்கின அன்னைக்கே காந்த முகத்துல இன்சுலேஷன் டேப் ஒட்டிரு. தூள் சேர்ந்ததும் டேப்பை உரிச்சா எல்லாம் அதோட வந்துரும். ரெண்டாவது, ஏபிஎஸ் வண்டி வீல் பேரிங். சில பேரிங்ல ஒரு பக்க சீல்லயே காந்தத் துருவம் பதிச்ச வளையம் இருக்கும், பாக்க சாதாரணக் கறுப்பு ரப்பர் சீல் மாதிரிதான் தெரியும். பெஞ்சுல லைட்டை நிக்க வச்சு அந்த லைட் காந்தத்துக்குப் பக்கத்துல புது பேரிங்கை வச்சா வளையம் கெட்டுப் போகும். மாட்டினப்புறம் ஏபிஎஸ் விளக்கு எரியும், சென்சாரை மாத்தினாலும் அணையாது.

ஓம்விதி:

> 300 லூமென் லைட்டு ரெண்டு

அண்ணன் சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது. 300 லூமென், பரந்து விழும் சிஓபி (நெருக்கிப் பதித்த எல்இடி) பட்டை. நேர் எதிரே அரை மீட்டரில் சுமார் 380 லக்ஸ் (பரப்பில் விழும் வெளிச்ச அளவு) விழும். ஒரு மீட்டருக்குத் தள்ளினால் 95 லக்ஸ். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசி. 1200 லூமென் லைட்டை ஒரு மீட்டரில் வைப்பதும் 300 லூமென் லைட்டை அரை மீட்டரில் வைப்பதும் நட்டுக்கு ஒன்றுதான். பேட்டரிக்கு நாலு மடங்கு வித்தியாசம்.

ஆனால் ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் சிஓபி மஞ்சள் பட்டை கண்ணில் நேராக அடிக்கும். அதன் மேல் பால் நிற டிஃப்யூசர் இருக்கிறதா பாருங்கள். வெறும் தெளிவுக் கண்ணாடி மட்டும் இருந்தால், ஆயில் படிந்த அலுமினியத்தில் பட்டு மினுக்கும், போல்ட் தலையே தெரியாது.

அடுத்தது நிறம். பெட்டியில் சிஆர்ஐ என்று ஒரு எண் இருக்கும், நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பது அது. போடவே இல்லை என்றால் 70 என்று எடுத்துக்கொள்ளுங்கள். 80 பரவாயில்லை, 90க்கு மேல் இருந்தால் வாங்கத் தயங்க வேண்டாம். வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சொல்லும் கெல்வின் 4000 முதல் 5000 போதும். 6500 கெல்வின் நீலம் பாய்ந்த வெள்ளை, கடையில் பார்க்கும்போது பளிச்சென்று இருக்கும். பட்டறையில்தான் வினை. ஹார்னெஸில் பிரவுன் ஒயரும் சிவப்பு ஒயரும் ஒன்றாகத் தெரியும்; ஆரஞ்சுக் கோடா, சிவப்புக் கோடா என்று ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஆட்டோ கியர்பாக்ஸ் ஆயில் சிவப்பு, இன்ஜின் ஆயில் பழுப்பு. கீழே சொட்டுவது எது என்று தெரியாமல் தப்பான சீலைக் கழற்றும் வேலையெல்லாம் இந்த லைட்டில்தான் நடக்கும்.

டூவீலருக்கு இன்னொன்று. ஸ்பார்க் பிளக் கழற்றி நிறம் பார்த்து மிக்ஸ்சர் சொல்வது உங்கள் வேலை. நீல வெளிச்சத்தில் இளம் பழுப்புப் பிளக் வெளுத்த மாதிரி தெரியும். லீன் (மிக்ஸ்சரில் பெட்ரோல் குறைவு) என்று நினைத்து ஏர் ஸ்க்ரூவைத் திருப்பிவிடுவீர்கள்.

கடையில் சோதிக்க எளிய வழி, உள்ளங்கையில் அடித்துப் பாருங்கள். சதை சிவப்பாகத் தெரிந்தால் சரி. சாம்பல் பூசின மாதிரி தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

டியூனிங்ஸ்க்ரூ:

நன்றி ஓம்விதி. பிளக் நிறம் மாறும் விஷயம் புதிது. அப்படியானால் தலையில் மாட்டும் ஹெட்லாம்ப் ஒன்றும், நிற்க வைக்கும் லைட் ஒன்றும் என்று போகலாமா? இரண்டு கையும் காலியாக இருக்குமே.

பேட்டைபட்டறை:

போகலாம். ஆனா ஹெட்லாம்ப் மட்டும் போதும்னு நினைக்காத. கண்ணு எந்தத் திசையில பாக்குதோ வெளிச்சமும் அதே திசையில போகும். நிழலே தெரியாது, அதனால மேடு பள்ளமும் தெரியாது. டிஸ்க்ல மயிரிழை வெடிப்பு, கேஸ்கட் முகத்துல கீறல், சேசிஸ் வெல்டிங்ல விரிசல், இதெல்லாம் பாக்க லைட்டைப் பக்கவாட்டுல படுக்க வச்சு, பரப்போட ஒட்டின மாதிரி அடிக்கணும். பத்து, பதினஞ்சு டிகிரி சாய்வு. அப்பதான் விரிசலோட ஒரு ஓரம் பளபளன்னும் இன்னொரு ஓரம் கறுப்பாவும் தெரியும்.

கையசைச்சா எரியுற சென்சார் வச்ச ஹெட்லாம்ப் நிறைய வருது. வண்டிக்கு அடியில ஸ்பேனர் ஆட்டும்போதெல்லாம் அணைஞ்சு அணைஞ்சு எரியும். சென்சாரை நிரந்தரமா ஆஃப் பண்ற வசதி இருந்தா மட்டும் வாங்கு. தலைப்பட்டை கழட்டித் துவைக்கிற மாதிரி இருக்கணும், ரெண்டே வாரத்துல ஆயில் நாத்தம் வந்துரும்.

பிட்டடி:

லாரி பட்டறை தரப்பிலிருந்து கொஞ்சம். கேட்டவர் 230 வோல்ட் ஹேண்ட் லாம்பை ஒழிக்கிறேன் என்றது சரியான முடிவு. வேலை பழகும் பையன் கையில் பிட்டுக்குள் (வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யும் குழி) அதைக் கொடுப்பதைப் போல ஆபத்தான காரியம் பட்டறையில் வேறு இல்லை. ஈரத் தரை, வியர்த்த கை, முதுகு சேசிஸில் சாய்ந்திருக்கும், ஒயர் தோல் உரிந்திருக்கும். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஏ பிரிவு, தொட்டி, பிட், குழாய் போன்ற அடைப்பான இடங்களில் தகுந்த பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் 24 வோல்ட்டுக்கு மேல் கையடக்க மின்விளக்கு கூடாது என்றது. எரியக்கூடிய வாயு இருக்க வாய்ப்பிருந்தால் ஃப்ளேம்ப்ரூஃப் (உள்ளே பற்றினாலும் தீ வெளியே வராத) விளக்கு தவிர வேறு எதுவும் கூடாது என்றும் அதே பிரிவில் இருந்தது. சின்னப் பட்டறைக்குச் சட்டம் பொருந்துமா என்று வாதாட வேண்டாம். காரணம் எங்கும் ஒன்றுதான்.

இதில் பலர் குழப்பிக்கொள்வது: 24 வோல்ட் ஷாக்கிலிருந்துதான் காப்பாற்றும், தீயிலிருந்து அல்ல. பெட்ரோல் ஆவி காற்றை விட மூன்று, நாலு மடங்கு கனம். பிட்டில் போய்த் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றும். குண்டு பல்பு தரையில் விழுந்து உடைந்தால் இழை செஞ்சூடாக ஒரு கணம் வெளியே நிற்கும், அது போதும். எல்இடி சார்ஜ் லைட்டில் அந்த இழை இல்லை, ஆனால் சுவிட்சில் பொறி வரும், சார்ஜ் ஒயரைச் செருகும்போதும் வரும். டேங்க் இறக்குவது, ஃப்யூவல் பம்ப் கழற்றுவது எல்லாம் பிட்டில் வேண்டாம். வெளியே, காற்றோட்டத்தில், லைட்டை முன்பே ஆன் செய்து தள்ளி வைத்துக்கொண்டு செய்யுங்கள். பிட்டில்தான் செய்தாக வேண்டும் என்றால் ஃப்ளேம்ப்ரூஃப் சான்று உள்ள லைட். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்பது அது அல்ல.

எல்பிஜி வண்டிக்கும் இதே விதிதான், கேஸ் கீழே இறங்கும். சிஎன்ஜி நேர்மாறு, கூரைக்கு ஏறும். அங்கே மேலே தொங்கும் டியூப் லைட்டையும் ஃபேன் சுவிட்சையும் பார்க்க வேண்டும்.

ஏசிகேஸ்:

கார் ஏசி லீக் பார்ப்பவர்களுக்கு ஒரு வரி. யூவி லைட் கூடவே வரும் ஒர்க் லைட் வாங்கினால் 395 நானோமீட்டரா 365 நானோமீட்டரா என்று பாருங்கள். 395இல் ஊதா வெளிச்சமே கண்ணை நிறைத்துவிடும், சின்னக் கசிவின் டை (லீக் பார்க்க ஏசியில் விடும் ஒளிரும் சாயம்) மங்கலாகப் போய்விடும். 365 என்றால் டை மட்டும் பச்சை மஞ்சளாகத் தூக்கலாகத் தெரியும். மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பையன்கள் முகத்தில் விளையாட்டுக்கு அடிக்க விடாதீர்கள். டூவீலர்காரருக்கு இது தேவையே இல்லை, அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

ஓம்விதி:

பாதுகாப்பு பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சேர்க்கிறேன். மலிவான லைட்டில் வெளிச்சத்தைக் குறைப்பது எப்படி என்றால், எல்இடியை விநாடிக்குச் சில நூறு முறை அணைத்து அணைத்து எரிய விடுவது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஓடுகிற இன்ஜினில் ஆல்டர்னேட்டர் புல்லியோ ஃபேனோ அந்த வேகத்தோடு ஒத்துப்போனால் நின்றுகொண்டிருக்கிற மாதிரி தெரியும். கையை விட்டுவிடுவார்கள். சோதனை சுலபம்: லைட்டை லோ மோடில் வைத்து, அதன் கீழே ஒரு ஸ்க்ரூடிரைவரை வேகமாக இடம் வலமாக ஆட்டுங்கள். வழவழவென்று ஒரே மங்கலாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனியாகப் பத்து ஸ்க்ரூடிரைவர் தெரிந்தால் அந்த லைட் ஓடும் இன்ஜின் பக்கம் வேண்டாம். போன் கேமராவில் பார்த்தாலும் கறுப்புப் பட்டைகள் ஓடும்.

கிக்கர்உடைஞ்சது:

ஆட்டிப் பாத்தேன். நம்ம லைட்ல ஏழெட்டு ஸ்க்ரூடிரைவர் தெரியுது. செட்டா வாங்கின மாதிரி 😀

சரி, சீரியஸாவே ஒரு டவுட். கார்டுலெஸ் டிரில்லுக்கு 18 வோல்ட் பேட்டரி இருக்கு. அதே கம்பெனி லைட்டை பேட்டரி இல்லாம வாங்கினா லாபமா?

ஓம்விதி:

வாட்-அவர் கணக்கில் அடித்துக்கொள்ள ஆளில்லை. 18 வோல்ட், 4 ஏஎச் என்றால் 72 வாட்-அவர். மேலே சொன்ன கணக்கில் 6000 லூமென்-மணி, 1000 லூமென் ஆறு மணி நேரம். பேட்டரி காலியானால் மாற்றிக்கொள்ளலாம், சார்ஜ் ஏற ஏற வேலை நிற்காது. ஆனால் பேட்டரி மட்டுமே அரைக் கிலோவுக்கு மேல். இன்ஜினுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவே அதை நுழைக்க முடியாது. தரையில் நிற்க வைத்து முழு வண்டிக்கும் வெளிச்சம் கொடுக்க அது. உள்ளே நுழைய 15 மி.மீ. தடிமனுக்குள் இருக்கும் மெல்லிய மடக்கு லைட் வேறு.

எச்சரிக்கை: வேறு கம்பெனி பேட்டரியை மாட்டும் பிளாஸ்டிக் அடாப்டர்கள் கிடைக்கின்றன. டூல் பேட்டரிகளில் பலவற்றில் குறைந்த வோல்ட்டேஜில் நிறுத்தும் பொறுப்பு டூலிடம் இருக்கும். அடாப்டரில் அந்தக் கட் இல்லாவிட்டால் லைட் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சும். செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி போச்சு.

பேட்டைபட்டறை:

மெல்லிசு லைட் வாங்குறவங்க ஒண்ணு கவனிங்க. அதுல உருளை செல் இருக்காது, தட்டையான பவுச் செல்தான். வெயில்ல நிக்கிற வண்டி டேஷ்போர்டு மேல வச்சு மறந்தா உப்பும். லென்ஸ் ஓரம் லேசா தூக்கின மாதிரி இருந்தா அன்னைக்கே சார்ஜ் போடுறதை நிறுத்திரணும். அழுத்தி உள்ள தள்ளி டேப் சுத்தறது வேணாம், ஓட்டையாச்சுன்னா பத்திக்கும்.

கீல் பாருங்க. மடக்கு லைட்டுல முதல்ல போறது கீல்தான். வெறும் பிளாஸ்டிக் உராய்வுல நிக்கிற கீல் சீக்கிரமே தொங்கிரும். ஆலன் ஸ்க்ரூ வச்சு இறுக்குற மாதிரியோ, டக் டக்னு படி விழற மாதிரியோ இருக்கணும்.

பிரேக் கிளீனர் லைட் மேல படவிடாதீங்க. பாலிகார்பனேட் லென்ஸ்ல பட்ட உடனே நுணுக்கமா வெடிச்சுப் பனி மூட்டம் போட்ட மாதிரி ஆயிரும், எந்தப் பாலிஷும் திருப்பித் தராது. சோப்புத் தண்ணி ஈரத் துணி போதும்.

டியூனிங்ஸ்க்ரூ:

ஐபி எண், ஐகே எண் என்று போடுகிறார்களே, எவ்வளவு இருந்தால் போதும்?

பிட்டடி:

ஐபி54 போதும், தூசியும் தெறிப்பும் தாங்கும். வாட்டர் சர்வீஸ் பக்கம் என்றால் ஐபி65. பிரஷர் வாஷரைக் கிட்டே வைத்து அடித்தால் 65கூடத் தாங்காது. ஐகே என்பது அடி தாங்குவது: ஐகே07 இரண்டு ஜூல், ஐகே08 ஐந்து ஜூல். அரைக் கிலோ ஸ்பேனர் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து லைட் மேல் விழுந்தால் ஐந்து ஜூல் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 08 எடுங்கள்.

எண் என்ன போட்டாலும் சார்ஜ் துளையின் ரப்பர் மூடி பிய்ந்துவிட்டால் அதோடு ஐபி முடிந்தது. மூடி தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

டியூனிங்ஸ்க்ரூ:

முடிவு: கொக்கியும் கிளாம்ப்பும் உள்ள 300 லூமென் லைட் இரண்டு, மாற்றக்கூடிய 18650 செல், சிஆர்ஐ 90. ஹெட்லாம்ப் பிறகு. கடைசியாக இரண்டு சந்தேகம். ஒன்று, கடையில் பார்த்த லைட் ஒன்று டைப்-சி துளை வைத்தது, ஆனால் போன் சார்ஜரின் இரு முனையும் டைப்-சி ஒயரில் ஏறவே இல்லை. பீஸ் அவுட்டா? இரண்டு, பழைய 230/24 டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கிடக்கிறது. ஏசியை டிசி ஆக்க பிரிட்ஜும் கெப்பாசிட்டரும் போட்டு, லாரிக்கு விற்கும் 10-30 வோல்ட் எல்இடி லாம்பை பெஞ்சுக்கு மாட்டலாமா?

ஓம்விதி:

முதலாவது பீஸ் அவுட் இல்லை, கஞ்சத்தனம். டைப்-சி துளைக்குப் பின்னால் 5.1 கிலோ-ஓம் ரெசிஸ்டர் இரண்டு இருந்தால்தான் சி-டு-சி ஒயரில் சார்ஜர் 5 வோல்ட்டைத் திறக்கும். அதை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். ஒரு முனை பழைய அகல யூஎஸ்பி உள்ள ஒயரில் ஏறும். இங்கேயே மிச்சம் பிடித்தவன் உள்ளே செல் பாதுகாப்பு சர்க்யூட்டில் என்ன செய்திருப்பான் என்று யோசியுங்கள். தனிச் செல் வாங்கும்போது பாதுகாப்பு சர்க்யூட் ஒட்டிய செல் 68, 69 மி.மீ. வரை நீளும், சில லைட்டில் உள்ளே போகாது. அளந்து வாங்குங்கள்.

இரண்டாவது, வேண்டாம். 24 வோல்ட் ஏசியை பிரிட்ஜ் போட்டு கெப்பாசிட்டரில் நிரப்பினால் வருவது 24 அல்ல, 32 வோல்ட்டுக்கு மேல். லைன் வோல்ட்டேஜ் 250க்கு ஏறும் நேரத்தில் 35 தொடும். 30 வோல்ட் வரை என்று எழுதிய லாம்பின் டிரைவர் எரியும். அதற்குப் பதில் 24 வோல்ட் டிசி எஸ்எம்பிஎஸ் (ரெடிமேட் பவர் சப்ளை), 5 ஆம்பியர், வெளியே ஒயரில் 4 ஆம்பியர் ஃப்யூஸ். 20 வாட் லாம்ப் ஒரு ஆம்பியருக்கும் குறைவாகத்தான் இழுக்கும், 0.75 சதுர மி.மீ. ஒயர் பத்து மீட்டர் போட்டாலும் அரை வோல்ட் கூடக் குறையாது.

பிட்டடி:

அந்த 24 வோல்ட் ஒயருக்குச் சாதாரண மூன்று முனை பிளக் மாட்டாதீர்கள். யாராவது அவசரத்தில் 230 சாக்கெட்டில் செருகிவிடுவார்கள். வேறு வடிவ பிளக் போடுங்கள், டிரெய்லருக்கு வரும் ஏழு முனை சாக்கெட் கூடப் போதும்.